1930 உலகக் கோப்பை போஸ்டர்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ராயப்பேட்டையில் சின்னதாக ஒரு அச்சு, வடிவமைப்புக் கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பின்சுவரில் பல வருடமாக ஒரு போஸ்டர் தொங்குகிறது. கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறவர், விசிட்டிங் கார்டுக்கு வருகிறவர், ஜெராக்ஸுக்கு மட்டும் வருகிற பையன் என எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் சொல்வதற்குப் பதில், அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதிப் பதிலையும் இங்கே போட்டுவிடுகிறேன்.

"இது என்ன சார், பழைய இங்கிலீஷ் சினிமா போஸ்டரா?"

இல்லை. 1930-இல் உருகுவே நாட்டில் நடந்த முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு அடித்த போஸ்டர். வரைந்தவர் கில்லெர்மோ லபோர்டே. உருகுவேயின் தலைநகர் மொண்டெவீடியோவில் ஓவியராகவும் ஓவிய ஆசிரியராகவும் இருந்தவர். ஒடுக்கமான, உயரமான தாள். அதில் ஒரு ஆள், ஒரு பந்து, கோல் கம்பம், கொஞ்சம் எழுத்து. அவ்வளவுதான் மொத்தச் சரக்கே.

"படத்துல இருக்கிறது யாரு? டான்ஸ் ஆடுற மாதிரி இருக்கே."

கோல்கீப்பர். கோலின் மேல் மூலைக்குப் போகிற பந்தை எம்பித் தடுக்கிறார். உடம்பை ஜவ்வு மிட்டாய் போல இழுத்து வரைந்திருப்பதால் டான்ஸ் போலத் தெரிகிறது. கை, உடம்பு, கால் எல்லாம் சேர்ந்து ஒரே கோடாகக் கீழிருந்து மூலைக்கு ஓடுகின்றன. கண்ணும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்ப் பந்தில் நிற்கும். அந்த இழுப்பு வேண்டுமென்றே செய்தது.

எந்த வீரர் என்று கேட்டால், யாருமில்லை. முகம் வெறும் வடிவமாக இருக்கிறது, அடையாளம் சொல்ல முடியாது. அதுவும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. 1924, 1928 ஒலிம்பிக்கில் உருகுவே தங்கம் வாங்கியபோது கோலில் நின்றவர் ஆந்த்ரேஸ் மசாலி. 1930 போட்டிக்கு முன் அணி முகாமிலிருந்து இரவில் நழுவிப் போனார் என்று அவரைக் கழற்றிவிட்டார்கள். ஆடியவர் என்ரிக்கே பயஸ்ட்ரேரோ. போஸ்டரில் மசாலியின் முகத்தை வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கட்சி மாறிய தலைவரின் படத்தோடு அடித்த கட்டவுட் கதைதான்.

"உலகக் கோப்பைங்கறீங்க, கோப்பையையே காணோமே?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கோப்பை அப்போது யாருக்கும் தெரிந்த முகமில்லை. பிரெஞ்சுச் சிற்பி ஆபெல் லாஃப்லர் செய்த, சிறகு விரித்த வெற்றி தேவதையின் சிலை அது. ஃபிஃபா தலைவர் ஜூல்ஸ் ரிமே அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு 'கோந்தே வெர்தே' என்ற கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்தார். போஸ்டர் சுவரில் ஒட்டப்பட்ட காலத்தில் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

போஸ்டரிலும் 'கோப்பை' என்ற சொல்லே கிடையாது. 'சாம்பியன் போட்டி' என்றுதான் இருக்கிறது. அந்தச் சிலைக்கு ரிமேயின் பெயரை வைத்ததே 1946-இல்தான். கோப்பையை நடுவில் வைத்து ஒளிவட்டம் போடுகிற பழக்கமெல்லாம் பின்னால் வந்தது.

"சரி, கொடி? பொம்மை? லோகோ? ஒண்ணுமே இல்லையே?"

பொம்மை என்று நீங்கள் சொல்லும் சின்னம் முதலில் வந்தது 1966-இல், இங்கிலாந்தின் 'வில்லி' சிங்கம். அதற்கு முன்னால் அந்தப் பழக்கமே இல்லை. கொடிகளைக் கோத்து அழகு பார்த்தது 1950 பிரேசில் போஸ்டர். பந்தின் மேல் ஒரு கால், காலுறை முழுக்க நாடுகளின் கொடிகள்.

1930-இல் கொடி போட நினைத்திருந்தாலும் யார் கொடியைப் போடுவது? போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுகூட ஐரோப்பாவிலிருந்து ஒரு அணியும் வருவதாகச் சொல்லவில்லை. கப்பலில் போகவே இரண்டு வாரத்துக்கு மேல், திரும்பி வர இன்னும் இரண்டு வாரம். வேலை பார்த்துக்கொண்டே பந்து விளையாடிய ஆட்களுக்கு அவ்வளவு நாள் யார் லீவு கொடுப்பார்கள்? கடைசியில் பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா என்று நாலு அணிதான் வந்தன. மொத்தம் 13. தகுதிச் சுற்றே கிடையாது, வந்தவர்கள் எல்லாரும் ஆடினார்கள். இப்படி ஆள் சேராத பந்திக்குப் பத்திரிகை அடிக்கிறவன் விருந்தாளி பெயரைப் போட மாட்டான்.

"எழுத்துல என்ன சார் எழுதியிருக்கு?"

ஸ்பானிய மொழி. 'முதலாவது உலகக் கால்பந்துச் சாம்பியன் போட்டி. உருகுவே 1930. மொண்டெவீடியோ. 15 ஜூலை, 15 ஆகஸ்ட்.'

இதில் ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். 'ஃபுட்பால்' என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது போலவே எழுதியிருக்கிறார்கள். இன்று ஸ்பானியத்தில் அதை 'ஃபுத்போல்' என்று தங்கள் உச்சரிப்புக்கு ஏற்ப எழுதுகிறார்கள். விளையாட்டு அங்கே போய்ச் சேர்ந்ததே ஆங்கிலேயர் வழியாக. ரயில்வே கம்பெனிக்காரர்கள் 1891-இல் ஆரம்பித்த ஒரு கிரிக்கெட் கிளப்தான் பின்னாளில் பெனியரோல் என்ற பெரிய கால்பந்து கிளப் ஆனது. நம் ஊரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையின் ஐசிஎஃப் அணி ஞாபகம் வருகிறவர்களுக்கு இது புரியும். ஆட்டத்தில் உலகத்தையே ஜெயித்திருந்தார்கள். ஆட்டத்தின் பெயரில் மட்டும் இன்னும் வெள்ளைக்காரன் வாசனை போகவில்லை.

"ஜூலை 15 டு ஆகஸ்ட் 15னு போட்டிருக்கு. போன்ல தேடினா வேற தேதி வருதே?"

சபாஷ். இதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. போட்டி நடந்தது ஜூலை 13 முதல் 30 வரை. போஸ்டரின் இரண்டு தேதியும் தப்பு. ஆரம்பம் இரண்டு நாள் பிந்திப் போட்டிருக்கிறது, முடிவு அரை மாதம் தள்ளிப் போட்டிருக்கிறது.

எத்தனை அணி வரும் என்றே தெரியாதபோது எத்தனை நாள் நடக்கும் என்று எப்படிச் சொல்வது? மேலே சொன்ன அந்தப் பதிமூன்று அணி கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு மாதம் என்று தாராளமாகப் போட்டுவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஒருமுறை ஒரு கோயில் கும்பாபிஷேக போஸ்டரில் கிழமையை மாற்றி அடித்துவிட்டேன். தேதி சரி, கிழமை தப்பு. ராத்திரி முழுக்க நானும் பையனும் உட்கார்ந்து 'ஞாயிறு' என்று ஸ்டிக்கர் வெட்டி ஆயிரம் தாளில் ஒட்டினோம். ஒட்டின பிறகும் வெயிலில் பார்த்தால் அடியிலிருந்து 'சனி' தெரிந்தது.

"இத்தனூண்டு நாட்டுக்கு எப்படி சார் முதல் சான்ஸ் கிடைச்சுது?"

மூன்று காரணம். ஒலிம்பிக் தங்கம் இரண்டு முறை தொடர்ந்து வாங்கியிருந்தார்கள், உலகத்தில் அப்போது அவர்கள்தான் ராஜா. இரண்டாவது, வருகிற அணிகளின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் தாங்களே ஏற்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது, 1830 ஜூலை 18-இல் உருகுவேயின் முதல் அரசியல் சாசனம் ஏற்கப்பட்டது. 1930 அதன் நூற்றாண்டு. 1929-இல் பார்சிலோனாவில் கூடிய ஃபிஃபா மாநாடு சரி என்று தலையாட்டிவிட்டது.

நூற்றாண்டுக்காகவே ஒரு மைதானம் கட்டினார்கள். பெயரே 'செண்டெனாரியோ', நூற்றாண்டு மைதானம். கட்டிடக் கலைஞர் ஹுவான் ஸ்காஸோ. மழை கெடுத்ததால் ஜூலை 13-க்குத் தயாராகவில்லை. முதல் ஆட்டங்களை ஊரிலிருந்த சின்ன மைதானங்களில் நடத்தினார்கள். சரியாக ஜூலை 18 அன்று சிமெண்ட் ஈரம் காயாமல் உருகுவே, பெரு ஆட்டத்தோடு திறந்தார்கள். இவ்வளவு பெரிய நாள். போஸ்டரில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, மைதானத்தின் நிழல்கூட இல்லை. எனக்கு இந்தப் போஸ்டர் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அரசாங்க விழாவுக்கு அடித்த போஸ்டரில் அரசாங்கமே தெரியவில்லை.

"இந்த ஸ்டைலுக்கு ஒரு பேரு சொல்வாங்களே?"

ஆர்ட் டெகோ. 1925-இல் பாரிஸில் நடந்த ஓர் அலங்காரக் கலைக் கண்காட்சியின் பெயரிலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது 1960-களில். அதனால் லபோர்டே 'நான் ஆர்ட் டெகோ வரைகிறேன்' என்று சொல்லியிருக்க வாய்ப்பில்லை. சென்னையில் என்எஸ்சி போஸ் சாலையில் அந்த வளைந்த மூலை, கிடைக்கோடு போட்ட பழைய கட்டிடங்களைப் பார்த்திருப்பீர்களே, அதே தலைமுறை.

ஆனால் ஆர்ட் டெகோ என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்தால் பாதிதான் சொன்னதாகும். உருகுவேயில் 1920-களில் 'பிளானிஸ்மோ' என்று ஒரு ஓவியப் போக்கு இருந்தது. நிழல் குழைத்து உருட்டி வரையாமல், வண்ணத்தைப் பட்டை பட்டையாக, தட்டையாக அருகருகே வைப்பது. லபோர்டே அதன் முக்கியமான ஆட்களில் ஒருவர். பெத்ரோனா வியேரா என்ற பெண் ஓவியர் அவரிடம் படித்தவர். நாட்டின் முன்னாள் அதிபர் ஒருவருடைய மகள், காது கேளாதவர். தோட்டத்தில் விளையாடும் பிள்ளைகளை அவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார். அவர் படங்களைப் பார்த்துவிட்டு இந்தப் போஸ்டருக்குத் திரும்பினால், இது பாரிஸிலிருந்து இறக்குமதியான ஸ்டைல் மட்டுமில்லை, உள்ளூர்ச் சரக்கும் இருக்கிறது என்று தெரியும்.

"கலர் ஏன் இவ்வளவு கம்மி? காசு பத்தலையா?"

அந்தக் காலத்துப் போஸ்டர்கள் லித்தோவில், அதாவது கல்லச்சில், அச்சானவை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் அல்லது தனித் தகடு. தாள் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒருமுறை மெஷினுக்குள் போய் வர வேண்டும். ஒரு வண்ணம் கூடினால் செலவும் கூடும், ரிஜிஸ்டர் விலகும், அதாவது ஒரு வண்ணம் இன்னொன்றோடு பொருந்தாமல் நகரும் ஆபத்தும் கூடும். நாலே வண்ணத்தில் நினைத்துப் பார்க்கத் தெரிந்தவன்தான் அன்றைக்குப் போஸ்டர் ஆர்ட்டிஸ்ட்.

பிளானிஸ்மோக்காரருக்கு இது தண்டனையே இல்லை, அவர் கையே அப்படித்தான். தட்டையான வண்ணம் தூரத்திலிருந்து சட்டென்று தெரியும். இன்று என்னிடம் வருகிறவர்கள் ஃப்ளெக்ஸில் நாற்பது முகம், மூன்று கிரேடியன்ட், ஒரு லென்ஸ் ஃப்ளேர் கேட்கிறார்கள். போட்டுத் தருகிறேன். பஸ்ஸில் போகிறவனுக்கு அதில் ஒன்றும் தெரியாது.

"கோல் அடிக்கிறவரைப் போடாம, தடுக்கிறவரை ஏன் போட்டாங்க?"

என்னைக் கேட்டால் இந்தப் போஸ்டரின் உயிரே இந்தக் கேள்வியில் இருக்கிறது. சொல்வது என் கணிப்பு. முதலில் தாளின் கணக்கு. உயரமான ஒடுக்கத் தாளில் உதைக்கிற ஆளை வரைந்தால் கால் பக்கவாட்டில் நீளும், இடம் பத்தாது. எம்பும் கோல்கீப்பர் தாளுக்காகவே பிறந்தவர். அடுத்தது, கால்பந்தில் கையால் பந்தைத் தொட உரிமையுள்ளவர் அவர் ஒருவர்தான். இரண்டு கையும் ஒரு உருண்டையை எட்டும் காட்சி, ஆட்டம் தெரியாதவருக்கும் புரியும். உருண்டையைப் பந்து என்று பார்க்கலாம், உலகம் என்றும் பார்க்கலாம். 'உலகப் போட்டி' என்று முதன்முதலாகச் சொல்கிற தாளில் அது சும்மா வந்த ஒற்றுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. கைகளைக் கொண்டாடும் இந்தப் போஸ்டரோடு நடந்த போட்டியின் நாயகர்களில் ஒருவர் எக்தோர் காஸ்ட்ரோ. சின்ன வயதில் மின்ரம்பத்தில் ஒரு முன்கையை இழந்தவர். புது செண்டெனாரியோ மைதானத்தில் முதல் கோல் அடித்தவர் அவர். இறுதிப் போட்டியில் கடைசி கோலும் அவருடையதுதான். அதோடு அர்ஜென்டினாவை உருகுவே 4–2 என்று வீழ்த்தியது.

"அந்த ஃபைனல்ல ரெண்டு பந்து வெச்சு ஆடினாங்களாமே? அதுக்கும் போஸ்டர் பந்துக்கும் சம்பந்தம் உண்டா?"

கதை உண்மை. எந்தப் பந்தில் ஆடுவது என்று இரண்டு அணியும் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்து, இரண்டாம் பாதி உருகுவேயின் பந்து. முதல் பாதி முடிவில் அர்ஜென்டினா 2–1 முன்னிலை, பிறகு நடந்தது மேலே இருக்கிறது. போஸ்டருக்குச் சம்பந்தம் இல்லை. அதிலிருப்பது எந்தக் கட்சிப் பந்தும் அல்ல.

"2018 ரஷ்யா போஸ்டர் இதைப் பார்த்து அடிச்ச காப்பியா?"

இரண்டிலும் எம்பும் கோல்கீப்பர், பந்து, பழைய பாணி. அதனால் அப்படித் தோன்றும். காப்பி இல்லை. ரஷ்யப் போஸ்டரை வரைந்தவர் ஈகோர் குரோவிச். அவர் எடுத்தது 1920-களின் சோவியத் கன்ஸ்ட்ரக்டிவிஸப் பாணி, அவர்கள் வீட்டுச் சொத்து. பந்தின் ஒரு பாதியில் பூமி தெரியும், அதில் ரஷ்யா. பந்திலிருந்து கதிர்கள் விரியும்.

பெரிய வித்தியாசம் ஆளில்தான். அங்கே இருப்பவர் சோவியத் அணியின் கோல்கீப்பர் லெவ் யாஷின், பட்டப்பெயர் 'கருப்புச் சிலந்தி'. ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் தோர் விருது வாங்கிய ஒரே கோல்கீப்பர், 1963-இல். தொப்பியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாவது கேள்வியில் சொன்ன மசாலி சங்கடம் அவர்களுக்கு இல்லை. யாஷின் 1990-லேயே காலமாகிவிட்டார், இனி முகாமிலிருந்து நழுவ மாட்டார். ஆனால் பெயருள்ள ஆளை வைத்த உடனே போஸ்டர் பின்னோக்கிப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. லபோர்டேயின் ஆளுக்குப் பெயரில்லை, அவர் பின்னால் வரலாறும் இல்லை.

"மத்த போஸ்டர்ல உங்களுக்குப் பிடிச்சது எது?"

1990 இத்தாலி. ஆல்பெர்த்தோ பூர்ரி செய்தது. கொலோசியத்தின் இருட்டு நடுவே ஒரு பச்சை மைதானம். பார்த்ததும் வயிற்றில் ஒரு சிலிர்ப்பு. 2010 தென்னாப்பிரிக்காவும் பிடிக்கும், ஆப்பிரிக்கக் கண்டமே ஒரு முகமாகி மேலே பந்தைப் பார்க்கும். 1982-இல் ஸ்பெயினுக்கு அந்த நாட்டு ஓவியர் மீரோ வரைந்தது பெரிய பெயர். எனக்கு அது மீரோவின் படமாகத் தெரிகிறது, போட்டியின் போஸ்டராக அவ்வளவு தெரியவில்லை. சண்டைக்கு வராதீர்கள்.

"இவ்வளவு அர்த்தம் சொல்றீங்களே, வரைஞ்சவர் இதெல்லாம் நினைச்சாரா? நீங்களா கட்டுறீங்களா?"

கொஞ்சம் கட்டுகிறேன்தான். இப்போது வரும் போஸ்டர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை வெளியாகும்போதே, இந்த நிறம் இதற்கு, இந்தக் கோடு அதற்கு என்று விளக்கக் குறிப்பும் கூடவே வந்துவிடுகிறது. 2014 பிரேசில் போஸ்டரில் பந்துக்கு மோதும் இரண்டு கால்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் பிரேசில் வரைபடமாகத் தெரியும். அழகான யோசனை. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் முடிந்தது, அடுத்த முறை பார்க்க ஒன்றுமில்லை.

வரைந்தவர் நினைத்தது மட்டும்தான் அர்த்தம் என்றால், 1978 அர்ஜென்டினா சின்னத்தை என்ன செய்வது? நீல வெள்ளைக் கோடுகள் இரண்டு கை போல எழுந்து பந்தைத் தாங்கும். அதிபர் பெரோன் இரண்டு கையையும் தூக்கிக் கூட்டத்தை வாழ்த்துவதுதான் ஊருக்கே தெரிந்த சைகை. சின்னம் உருவானது அந்த ஆட்சியில். 1976-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எதிரியின் கைகள் தங்கள் போட்டியின் சின்னத்தில் இருப்பது அவர்களுக்கும் தெரிந்தது. அதற்குள் சின்னம் எல்லாப் பொருளிலும் ஏறிவிட்டது, மாற்ற முடியவில்லை. அச்சடித்துவிட்டால் தாள் யார் பேச்சையும் கேட்காது.

"இது ஒரிஜினலா? எவ்வளவு தேறும்?"

ஒரிஜினல் என்றால் இந்தக் கடையில் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். லென்ஸ் எடுத்துக் கையருகே வைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று வரிசையாகப் புள்ளிகள் பூப்போலத் தெரிகின்றன அல்லவா? அது ஆஃப்செட் மறுபதிப்பு. அசல் லித்தோவில் தட்டையான வண்ணம் தட்டையாகவே இருக்கும், இப்படி ஒழுங்கான புள்ளி வலை இருக்காது. 'பழைய போஸ்டர்' என்று யாராவது நீட்டினால் காசை எடுக்கும் முன் லென்ஸை எடுங்கள்.

"எங்க டீமுக்கு இதே மாதிரி ஒண்ணு ஃப்ளெக்ஸ்ல போட்டுத் தருவீங்களா? பத்துக்கு ஆறு, படுக்க வெச்சு."

தருகிறேன். பெயரை மாற்றலாம், தேதி மாற்றலாம், கிழமையை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்துச் சொல்லுங்கள். நிற்க வைத்து ஆறுக்குப் பத்தாகக் கேளுங்கள். படுக்கையாக இழுத்தால் கோல்கீப்பர் குண்டாகிவிடுவார், பந்து முட்டையாகிவிடும்.